கம்யூனிட்டி காலேஜ்ல ஒரு தையல் கிளப் ஆரம்பிக்க நான் பட்ட பாடு

காலேஜ்ல கிளப் ஆரம்பிச்சேன்னு ஒரு தடவை வாய்தவறி சொல்லிட்டேன், அதுல இருந்து தெரிஞ்சவங்க நாலஞ்சு பேர் எப்படி பண்ணீங்க என்ன பேப்பர் வேணும்னு கேட்டுட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் போன்ல ஒரு மணி நேரம் சொல்றதுக்கு மொத்தமா எழுதிடறேன். நீளமா தான் போகும், இப்பவே சொல்லிட்டேன்.

நான் கலிஃபோர்னியால இருக்கேன், எச்-4 விசா (வீட்டுக்காரர் வேலை விசால வந்தா மனைவிக்கு குடுக்கற விசா), வயசு 36, பொண்ணு நாலாவது படிக்கிறா. எச்-4ல வேலை பார்க்க எனக்கு பெர்மிட் இல்ல, ஆனா படிக்கறதுக்கு தடை கிடையாது. இந்த ஸ்டேட்ல 116 கம்யூனிட்டி காலேஜ், அதாவது ரெண்டு வருஷ அரசு காலேஜ், இருக்கு, ஒரு வருஷத்துக்கு மேல இங்க இருந்து ரெசிடென்ஸி (இந்த ஸ்டேட்ல தான் குடியிருக்கோம்னு ஆதாரம்) காட்டிட்டா ஒரு யூனிட்டுக்கு (கோர்ஸை அளக்கற கிரெடிட்) 46 டாலர் தான் ஃபீஸ், காட்ட முடியலன்னா நான்-ரெசிடென்ட் ட்யூஷன்னு பல மடங்கு எகிறிடும். நான் அக்கவுண்டிங் சர்டிஃபிகேட்டுக்கு சேர்ந்தேன். கிளப்பெல்லாம் என் கணக்குலயே இல்ல, அதெல்லாம் 19 வயசு பசங்க சமாச்சாரம்னு தான் நினைச்சேன்.

ஆனா முதல் செமஸ்டர் ஒரு மாதிரி இருந்துச்சுங்க. எங்க காலேஜ்ல ஹாஸ்டல் கிடையாது, எல்லாரும் கார்லயும் பஸ்லயும் வந்து போறவங்க, பாதிப் பேர் வேலைக்கும் போறாங்க. கிளாஸ் முடிஞ்சா அடுத்த நிமிஷம் பார்க்கிங் லாட். பக்கத்து சீட்ல உக்கார்ற பையன் பேர் தெரியாமலே செமஸ்டர் முடிஞ்சு போச்சு. ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு நாள் லைப்ரரில ஒரு பொண்ணு பேக்பேக் வார் பிஞ்சு நின்னா, என் பைல எப்பவும் ஊசி நூல் இருக்கும், பொண்ணைப் பெத்தவங்களுக்கு தெரியும் ஏன்னு. பத்து நிமிஷத்துல தைச்சுக் குடுத்தேன். அதைப் பார்த்துட்டு இன்னொருத்தன் ஜிப் போன ஜாக்கெட்டோட வந்தான், அடுத்த வாரம் மூணு பேர். கூட ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸ்ல ஒரு தமிழ்ப் பையன், அவன் தான் சொன்னான், "அக்கா இதை கிளப்பாவே போட்டுடலாம், ரூம் தருவாங்க, காசு கூட தருவாங்க." அவனுக்கு யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) அப்ளிகேஷன்ல எழுத ஏதாவது வேணும், அது அப்பவே எனக்கு புரிஞ்சுது. பரவால்ல, ஆள் கெட்டிக்காரன்.

ஸ்டூடண்ட் ஆக்டிவிட்டீஸ் ஆபீஸ்ல போய் கேட்டா ஒரு பாக்கெட் (ஃபார்ம் கட்டு) குடுத்தாங்க. எட்டு மெம்பர் கையெழுத்து ஸ்டூடண்ட் ஐடி நம்பரோட, பிரசிடென்ட், வைஸ் பிரசிடென்ட், செக்ரட்டரி, ட்ரெஷரர், அப்புறம் ஐசிசி ரெப் ஒருத்தர், அட்வைசர் ஒருத்தர், ஒரு கான்ஸ்டிட்யூஷன். இது எங்க காலேஜ் கணக்கு, காலேஜுக்கு காலேஜ் மாறும், உங்க பாக்கெட்டைப் பாருங்க. ஐசிசின்னா இன்டர் கிளப் கவுன்சில், எல்லா கிளப்புல இருந்தும் ஒரு ஆள் போய் உக்கார்ற இடம், பணம் பிரிச்சுக் குடுக்கறதும் புது கிளப்பை ஓகே பண்றதும் அங்க தான்.

எட்டுப் பேரை ரெண்டு நாள்ல பிடிச்சாச்சு, நான் தைச்சுக் குடுத்த கடன் அவங்களுக்கு பாக்கி இருந்துச்சுல்ல. அட்வைசர் தான் உயிரை வாங்கிடுச்சு. அட்வைசர் காலேஜ் ஊழியரா இருக்கணும். எனக்குப் பிடிச்ச இங்கிலீஷ் டீச்சரைக் கேட்டேன், ரொம்ப நல்லவங்க, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி பார்த்துட்டு முடியாதுன்னுட்டாங்க. அவங்க பார்ட் டைம். இங்க வாத்தியாருங்கள்ல பாதிக்கு மேல பார்ட் டைம் தான், கிளாஸ் எடுக்கற மணிக்கு தான் சம்பளம், கிளப்புக்கு வந்து உக்கார்றதுக்கு ஒரு பைசா கிடையாது. இவங்க எங்க காலேஜ்ல கிளாஸ் முடிச்சுட்டு 40 மைல் தள்ளி இன்னொரு காலேஜுக்கு ஓடணும், இந்த மாதிரி ஓடறவங்களுக்கு ஃப்ரீவே ஃப்ளையர்னு பேரே வச்சிருக்காங்களாம். கேட்டுட்டு எனக்கே கஷ்டமா போச்சு. ரெண்டாவது ஒரு ஃபுல் டைம் ப்ரொஃபசர், ஏற்கனவே மூணு கிளப்புக்கு அட்வைசர், பேர் வேணா போட்டுக்க ஆனா வர மாட்டேன்னாரு. அப்படி எடுத்துக்காதீங்க, நான் எடுத்துக்கல, ஏன்னா ஈவன்ட் ஃபார்ம், பண ஃபார்ம் எல்லாத்துலயும் அட்வைசர் கையெழுத்து வேணும், ஆள் மெயிலுக்கு பதில் போடலன்னா நீங்க நின்ன இடத்துலயே நிக்க வேண்டியது தான். கடைசில கிடைச்சது யாருன்னா லைப்ரரி கவுன்ட்டர்ல இருந்த லைப்ரரியன், நான் தைக்கறதை தினம் பார்த்துட்டு இருந்தவங்க. எனக்கும் பட்டன் வச்சுத் தரணும்னு ஒரே ஒரு கண்டிஷன். லைப்ரரியன், கவுன்சிலர் (மாணவர்களுக்கு படிப்பு ஆலோசனை சொல்றவங்க) இவங்களும் அட்வைசரா இருக்கலாம்னு எனக்கு அது வரைக்கும் தெரியாது, நான் கிளாஸ் எடுக்கறவங்களையே சுத்தி சுத்தி வந்து மூணு வாரத்தை வீணாக்கினேன்.

கான்ஸ்டிட்யூஷன்னு கேட்டதும் பயந்துட்டேன், ஆனா டெம்ப்ளேட் குடுத்துடறாங்க, பேரு நோக்கம் எலக்ஷன் எப்போன்னு நிரப்புனா போதும். யாரையும் ஒதுக்கக் கூடாதுன்னு ஒரு பாரா, ஹேசிங் கூடாதுன்னு ஒரு பாரா, அதாவது நம்ம ராகிங். தையல் கிளப்புல என்னத்த ராகிங் பண்றது, ஊசில நூல் கோர்க்க சொல்லி மிரட்டவான்னு அந்தப் பையன் சிரிச்சான். ஒரு இடத்துல மட்டும் நான் டெம்ப்ளேட்டை மாத்தினேன், அது கடைசில சொல்றேன்.

இப்ப ஐசிசி. எங்க காலேஜ்ல வியாழக்கிழமை மதியம் காலேஜ் அவர்னு ஒண்ணு, அந்த ஒரு மணி நேரம் கிளாஸ் அதிகம் வைக்க மாட்டாங்க, மீட்டிங்கெல்லாம் அப்பதான். செவ்வாய்க்கிழமை எல்லா பேப்பரையும் சமர்த்தா குடுத்துட்டு வியாழக்கிழமை நல்லா டிரஸ் பண்ணிட்டு போய் உக்கார்ந்தேன். ஒரு மணி நேரம் உக்கார்ந்தும் எங்க பேர் வரவே இல்ல. முடிஞ்சதும் கேட்டா, அஜெண்டாவுல இல்லயேங்கறாங்க. நான் இங்க தானே இருக்கேன், பேப்பர் உங்க கைல தானே இருக்கு, ஒரு ஓட்டு போட எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டேன். முடியாதாம். கலிஃபோர்னியால பிரவுன் ஆக்ட்னு ஒரு சட்டம், 1953ல வந்தது, சிட்டி கவுன்சில் ஸ்கூல் போர்டு மாதிரி பொது அமைப்புங்க மூடின கதவுக்குள்ள முடிவெடுக்கக் கூடாதுன்னு போட்டது. ரெகுலர் மீட்டிங்குக்கு 72 மணி நேரம் முன்னாடி அஜெண்டாவை எல்லாரும் பார்க்கற மாதிரி ஒட்டணும், அதுல இல்லாத விஷயத்துல முடிவெடுக்கக் கூடாது. கம்யூனிட்டி காலேஜ் ஸ்டூடண்ட் கவர்மென்ட்டுக்கும் (மாணவர் பேரவை) அது உண்டு, எங்க ஐசிசி அதையே ஃபாலோ பண்ணுது. அதாவது திங்கக்கிழமை காலைல குடுத்திருக்கணும், நான் செவ்வாய்க்கிழமை குடுத்தேன். மீட்டிங் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு நாள் லேட்டுக்கு ரெண்டு வாரம்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து புலம்பித் தள்ளிட்டேன், வீட்டுக்காரர் பாவம் சாப்பிட விடாம கேட்டார். ஆனா யோசிச்சுப் பார்த்தா அந்த விதி சரிதான், ஸ்டூடண்ட்ஸ் கட்டின பணத்தை யாருக்கு குடுக்கறதுன்னு சொல்லாம கொள்ளாம முடிவு பண்ணா நானே சண்டைக்கு போவேன்.

அடுத்த மீட்டிங்ல பாஸ் ஆச்சு. அங்க பேசற முறையே தனி, "ஐ மூவ்" னு ஒருத்தர் சொல்லணும், "செகண்ட்" னு இன்னொருத்தர் சொல்லணும், அப்புறம் தான் பேச்சு, அப்புறம் ஓட்டு. 1876ல ஹென்றி ராபர்ட்னு ஒரு ராணுவ இன்ஜினியர் எழுதி வச்ச மீட்டிங் விதிகளாம், 18 வயசு பசங்க அதை தண்ணி பட்ட பாடா பேசறாங்க. எனக்கு முதல்ல நாடகம் மாதிரி இருந்துச்சு, மூணாவது மீட்டிங்ல நானே கையைத் தூக்கி செகண்ட் சொல்லிட்டு இருந்தேன்.

கிளப் ரஷ்னு ஒரு நாள், ஒவ்வொரு செமஸ்டர் ஆரம்பத்துலயும், எல்லா கிளப்பும் வெளில டேபிள் போட்டு ஆள் பிடிக்கற திருவிழா. ரோபாட்டிக்ஸ் காரங்க ஓடற ரோபோ கொண்டு வந்துட்டாங்க, டான்ஸ் கிளப் ஸ்பீக்கர் வச்சுட்டாங்க, நாங்க ஒரு டேபிள்ல ஊசியும் கிழிஞ்ச ஜீன்ஸும். பட்டன் போன சட்டை போட்டிருந்தா இங்க வான்னு அட்டைல எழுதி வச்சோம், அது வேலை செஞ்சுது. 41 பேர் மெயில் ஐடி எழுதிக் குடுத்தாங்க. எனக்கு தலைகால் புரியல, பெரிய ரூம் கேட்டேன். முதல் மீட்டிங்குக்கு வந்தது நாலு பேர், அதுல ஒருத்தன் ரூம் மாறி வந்தவன். இது எல்லா கிளப்புக்கும் நடக்கறது தான்னு அப்புறம் தெரிஞ்சுது, ஆனா அன்னிக்கு அந்த பெரிய ரூம்ல உக்கார்ந்தது ரொம்ப அசிங்கமா இருந்துச்சு. ரூம் மாறி வந்தவன் தான் கடைசி வரைக்கும் வந்தான்.

பண விஷயம் கவனமா படிங்க. புது கிளப்புக்கு ஐசிசில 100 டாலர் குடுத்தாங்க. குடுத்தாங்கன்னா கைல இல்ல, காலேஜ் அக்கவுண்ட்ல கிளப் பேர்ல கிடக்கும். கிளப் பேர்ல வெளில பேங்க் அக்கவுண்ட் திறக்கக் கூடாது, யார் போனுக்கும் பணம் அனுப்பி வசூல் பண்ணக் கூடாது. நான் என்ன பண்ணேன், ஆஃபர் போட்டிருந்தான்னு துணி நூல் ஊசி கத்தரிக்கோல் எல்லாம் 63 டாலருக்கு சனிக்கிழமையே வாங்கிட்டு வந்துட்டேன், ரசீதை பத்திரமா வச்சிருந்தேன். எங்க கிளப் மீட்டிங்ல அந்த செலவுக்கு ஓட்டு போட்டு மினிட்ஸ்ல (மீட்டிங் குறிப்பு) எழுதினது செவ்வாய்க்கிழமை. ரசீது தேதி மினிட்ஸ் தேதிக்கு முன்னாடி இருக்கறதால பணம் திரும்ப வராதுன்னுட்டாங்க. அக்கவுண்டிங் படிக்கறவ நானே இப்படி பண்ணேன்னு ட்ரெஷரர் பொண்ணு ஒரு செமஸ்டர் பூரா சொல்லிக் காட்டினா. முதல்ல ஓட்டு, மினிட்ஸ், ஃபார்ம், அட்வைசர் கையெழுத்து, அப்ரூவல், அதுக்கப்புறம் கடை.

சாப்பாடு வச்சு ஃபண்ட் சேர்க்கலாம்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு, வீட்ல செஞ்சு கொண்டு போய் விக்க விட மாட்டாங்க, கவுண்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஹெல்த் டிபார்ட்மென்ட் விதி இருக்கு. நான் முறுக்கு சுத்தி எடுத்துட்டுப் போகலாம்னு மாவெல்லாம் அரைச்சு வச்சிருந்தேன், வீட்லயே தின்னு தீர்த்தோம். சீல் பண்ணின பாக்கெட் ஐட்டம் வித்தா ஓகேன்னாங்க, அதுல என்ன சுவாரசியம். நாங்க பழைய ஜீன்ஸ்ல பை தைச்சு வித்தோம், அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. தையல் மெஷின் கொண்டு வர மட்டும் ஒரு ஃபார்ம், அயர்ன் பாக்ஸ் கூடவே கூடாது.

நடுவுல ஃபை தீட்டா கப்பானு ஒரு மெயில் வரும், நிறைய பேர் ஸ்பாம்னு அழிச்சுடறாங்க. அது கிளப் இல்ல, ரெண்டு வருஷ காலேஜுங்களுக்கான ஹானர் சொசைட்டி (நல்லா படிக்கறவங்களுக்கான சங்கம்), 1918ல இருந்து இருக்கு, பொதுவா 12 யூனிட் முடிச்சு 3.5 ஜிபிஏ இருந்தா கூப்பிடுவாங்க, காசு கட்டி சேரணும். ட்ரான்ஸ்ஃபர் ஆகறவங்களுக்கு, அதாவது இங்க இருந்து நாலு வருஷ காலேஜுக்கு மாறறவங்களுக்கு, சில காலேஜ் அதுல இருக்கறவங்களுக்குன்னே ஸ்காலர்ஷிப் வச்சிருக்கு. நான் சேரல, எனக்கு தேவைப்படல.

ட்ரான்ஸ்ஃபர்னதும் அந்தப் பையன் ஞாபகம். அவன் எட்டு கிளப்புல பேர் குடுத்து வச்சிருந்தான். யூசி அப்ளிகேஷன்ல ஆக்டிவிட்டீஸ் அவார்ட்ஸ் எல்லாம் சேர்த்து 20 வரைக்கும் போடலாம், ஆனா வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம்னு ஒவ்வொண்ணுக்கும் கேப்பாங்க. அங்க தான் முழிச்சான். அதுக்கு மேல நாலு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 350 வார்த்தைக்குள்ள பதில். கவுன்சிலர் அவன்கிட்ட நேரா சொல்லிட்டாங்க, மேஜருக்கு வேணும்கற கோர்ஸும் ஜிபிஏவும் தான் முதல்ல, கிளப் அதுக்கப்புறம். கடைசில அவன் எழுதினது எதைப்பத்தி தெரியுமா, அந்த நாலு பேர் வந்த மீட்டிங்கைப் பத்தி, அடுத்த மீட்டிங்குக்கு அவன் பட்டன் போன சட்டை போட்டவங்களை ஒவ்வொருத்தரா போய் கூட்டிட்டு வந்ததைப் பத்தி. நல்லா எழுதியிருந்தான், நான் படிச்சேன்.

எச்-4 காரங்களுக்கு ஒண்ணு. ஸ்டூடண்ட் கவர்மென்ட்ல பொறுப்பு எடுத்தா சில காலேஜ்ல ஸ்டைபண்ட் (ஊக்கத்தொகை) தருவாங்க. என்னை ஐசிசி சேர் (தலைவர்) பதவிக்கு நிக்க சொன்னாங்க, அதுக்கு ஸ்டைபண்ட் உண்டு, எனக்கு ஆசையாவும் இருந்துச்சு. வேலை பார்க்க பெர்மிட் இல்லாம பதவிக்காக பணம் வாங்கினா பின்னாடி விசால பிரச்சனை ஆயிடுமோன்னு பயந்து நான் நிக்கல. கிளப் பிரசிடென்டா இருக்கறதுக்கு ஒரு பைசா வராது, அதனால அந்தக் கவலை இல்ல. நீங்க எதுக்கும் இன்டர்நேஷனல் ஆபீஸ்லயோ வக்கீல்கிட்டயோ கேட்டுக்கங்க, நான் வக்கீல் இல்ல.

கான்ஸ்டிட்யூஷன்ல மாத்தினேன்னு சொன்னேன்ல. டெம்ப்ளேட்ல எலக்ஷன் செமஸ்டர் கடைசி வாரம்னு இருந்துச்சு. எங்க பக்கத்து டேபிள் ஃபோட்டோ கிளப் எப்படி செத்துச்சுன்னு பார்த்தேன், மே மாசம் பிரசிடென்ட் ட்ரான்ஸ்ஃபர் ஆயிட்டான், கிளப் மெயில் பாஸ்வேர்டு அவனோடவே போயிடுச்சு, செப்டம்பர்ல ரெனியூ பண்ற ஃபார்ம் யாரும் போடல, கிளப் இல்ல. இங்க எல்லாரும் ரெண்டு வருஷத்துல கிளம்பறவங்க தானே. அதனால நான் எலக்ஷனை ஏப்ரல் முதல் வாரம்னு மாத்தினேன், புது ஆளும் பழைய ஆளும் ஒரு மாசம் சேர்ந்து உக்காரணும்னு ஒரு வரி போட்டேன். ஒரு ஃபைல்ல பாஸ்வேர்டு, அட்வைசர் நம்பர், எந்த ஃபார்ம் யார்கிட்ட, என் 63 டாலர் ரசீது ஜெராக்ஸ் எல்லாம் வச்சு குடுத்துட்டேன்.

எனக்கு சர்டிஃபிகேட் மே மாசம் முடிஞ்சுது. பிரசிடென்ட் இப்ப அந்த ரூம் மாறி வந்தவன். செப்டம்பர்ல ஒரு நாள் ராத்திரி அவன்கிட்ட இருந்து மெசேஜ், ஊசிப் பெட்டி சாவி எங்கன்னு. லைப்ரரி கவுன்ட்டர்ல இருக்குப்பான்னு போட்டேன். ஐசிசிக்கு பேப்பர் குடுத்தாச்சான்னு கேட்டேன், வெள்ளிக்கிழமையே குடுத்துட்டானாம்.