கிணற்றடி நிழலில் பன்னம்

வன்னியில் பன்னத்துக்கு (fern) வெயிலை விடப் பெரிய எதிரி சோழகம் எனும் தென்மேற்குக் காற்று. மாமர நிழல் இருந்தாலும் தென்மேற்குப் பக்கம் ஒரு கிடுகு மறைப்பு வேண்டும். தொடங்குபவர்கள் நெப்ரோலெப்பிஸ் என்ற பன்ன வகையை வையுங்கள். மெல்லிலைப் பன்னங்கள் ஆனி, ஆடியில் கருகிவிடும்.

ஐப்பசி மழை மண்ணை நனைத்த பிறகு, ஒன்றரை அடி இடைவெளியில் நடலாம். இலைமக்கு இரண்டு பங்கு, தும்புத்தூள் ஒன்று, மணல் ஒன்று. தும்புத்தூளை இரண்டு மூன்று தரம் அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு வேரைச் சுடும். குருத்து மண்மட்டத்தில் நிற்கட்டும், புதைத்தால் அழுகும். சருகு மூடாக்கு இரண்டு அங்குலம். கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்புக் காவி இருந்தால் இலையில் வெள்ளை படியும், அடியில் ஊற்றுங்கள்.

இலையின் பின்புறம் வரிசையாகக் கபிலப் புள்ளி கண்டதும் மருந்தடிக்க ஓடாதீர்கள், அது வித்திக் கூட்டம், பன்னத்துக்கு விதை மாதிரி. தாறுமாறாக ஒட்டியிருந்து நகத்தால் சுரண்ட வந்தால்தான் செதிற்பூச்சி.