கதவின் அகலமும் ஐம்பது கேன்வாஸ்களும்

பெரிய ஓவியம் என்று யார் வந்தாலும் எங்கள் பட்டறையில் முதலில் கேட்பது, அது எந்தக் கதவு வழியாக உள்ளே போகப்போகிறது என்பதைத்தான். ஓவியர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. அவர்கள் மலையையும் வெளிச்சத்தையும் பற்றிப் பேச வந்திருப்பார்கள். நாங்கள் லிஃப்ட்டின் உயரம் என்ன என்று விசாரித்துக்கொண்டிருப்போம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓவியங்களுக்குச் சட்டம் செய்து, கேன்வாஸ் இழுத்துக் கட்டி, கடைசியில் சுவரில் மாட்டிக் கொடுப்பது வரை எங்கள் வேலை. இந்தத் தொழிலில் இருந்து பார்க்கும்போது, பெரிய ஓவியத்தின் உருவத்தில் கதவுக்கும் வண்டிக்கும் பாதிப் பங்கு உண்டு. அதனால் ஓவியம் எந்த விதத்திலும் தாழ்ந்துவிடுவதில்லை என்பது என் கட்சி.

முணுமுணுக்கும் ஓவியர்களுக்கு நான் பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னியைக் காட்டுவேன். 2007இல், எழுபதை நெருங்கும் வயதில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வார்ட்டர் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு தோப்பை அவர் வரைந்தார். 'வார்ட்டர் அருகே இன்னும் பெரிய மரங்கள்' என்று அதன் பெயரைச் சொல்லலாம். அகலம் 12 மீட்டருக்கு மேல், உயரம் நாலரை மீட்டர். ஆனால் அது ஒரே துணியில் இல்லை. நாலடிக்கு மூன்றடி அளவில் 50 கேன்வாஸ்கள். வரிசைக்குப் பத்தாக ஐந்து வரிசை. எந்தக் கேன்வாஸையும் ஓர் ஆள் தனியாகத் தூக்கிவிடலாம். அதனால்தான் ஸ்டூடியோவுக்குள் அடைந்து கிடக்காமல் மரத்துக்கு எதிரே நின்றே அவரால் வரைய முடிந்தது. தள்ளி நின்று முழுசாகப் பார்க்கத்தான் வழியில்லை. அதற்கு, வரைய வரைய ஒவ்வொரு துண்டையும் படமெடுத்து, கணினியில் ஒட்டுப்போட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவசரமும் இருந்தது. அங்கே குளிர்காலம் முடிந்து மரம் துளிர்த்துவிட்டால் கிளைகளின் பின்னல் இலைக்குள் மறைந்துவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும். முடித்தார். அதே ஆண்டு லண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சியில் ஒரு முழுச் சுவரை அது அடைத்துக்கொண்டது. 2008இல் டேட் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். 2011இல் யார்க் கலைக்கூடத்துக்குக் காட்சிக்கு வந்தது. ஒரே துணியாக இருந்திருந்தால் அதைச் சுருட்டி, அவிழ்த்து, மறுபடி இழுத்துக் கட்டுவதற்குள் சாயம் எங்கெல்லாம் வெடித்திருக்குமோ!

இந்தப் படத்தை எனக்குக் கைபேசியில் முதலில் காட்டியவர் டர்பனுக்குப் பக்கத்து ஊரான வெருலத்தில் இருக்கும் ஓர் ஓவியர். தமிழ் அவருக்குப் பாட்டியோடு போய்விட்டது. ஆனாலும் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். தெருமுனையில் நிற்கும் கோரல் மரத்தைப் பெரிதாக வரைய வேண்டும் என்றார். நம் கல்யாண முருங்கையின் உறவுக்கார மரம் அது. குளிர்காலக் கடைசியில் இலை ஒன்றுகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். இலை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற ஹாக்னியின் கெடு இவருக்கும் இருந்தது. வாங்குபவர்களின் அலுவலகமோ மூன்றாம் மாடியில், லிஃப்ட்டும் சின்னது. சரி, வரிசைக்கு நான்காக மூன்று வரிசை என்று முடிவானது.

துண்டு துண்டாகச் செய்வது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். ஒரு சட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் யார் கண்ணுக்கும் தெரியாது. பத்துச் சட்டம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அதுவே ஒரு சென்டிமீட்டர். கீழ் வரிசையில் கிளம்பிய கிளை மேல் வரிசையில் வேறு இடத்தில் முளைக்கும். எங்கள் மூத்த தச்சர் சட்டம் அறுக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே லாட்டில் வந்த பைன் மரம்தான் எடுப்பார். டர்பன் ஈரக்காற்றில் மரம் ஊதும். ஊதினால் எல்லாம் ஒரே மாதிரி ஊதட்டும் என்பது அவர் கணக்கு. மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகும், "தம்பி, இன்னொரு தடவை டேப்பை வை" என்பார். கேன்வாஸை நான்கு பக்கமும் நடுவில் முதலில் பின் அடித்து, அங்கிருந்து எதிரெதிராக மூலையை நோக்கிப் போக வேண்டும். மூலையில் தொடங்கினால் துணி நெளியும். துணியை இறுக்கச் சட்டத்தின் உள்மூலையில் எத்தனை ஆப்பு அடித்தாலும் அந்த நெளிவு போகாது.

மாட்டும் நாளில் பன்னிரண்டையும் பக்கியில் நிறுத்திவைத்துக் கொண்டுபோனோம் (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்). சுவரில் சரிவாக அறுத்த கட்டை, சட்டத்தின் பின்னால் எதிர்ச்சரிவில் இன்னொரு கட்டை. தூக்கி உட்காரவைத்தால் போதும். கீழ் வரிசையின் மட்டம் சரியாக வரத்தான் நேரம் போனது. மேலே உள்ளவை கடகடவென்று ஏறிவிட்டன.

அலுவலக மேலாளர் பார்த்துவிட்டு, நடுவில் ஜன்னல் கம்பி போலக் கோடு தெரிகிறதே, மறைக்க முடியாதா என்றார். பலரும் இதைக் கேட்பார்கள். எனக்கு அந்த இடைவெளி பிடிக்கும். நிஜ மரத்தையும் நாம் ஒரே பார்வையில் பார்ப்பதில்லை. அடிமரத்தைப் பார்த்து, கழுத்தை நிமிர்த்தி, கிளை கிளையாகத்தான் போகிறோம். ஒரே வீச்சில் அடங்கும் மரம் காலண்டரில்தான் இருக்கிறது. இதையெல்லாம் மேலாளரிடம் சொல்லவில்லை. மறைத்தால் துணி கெட்டுப்போகும் என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அப்புறம் அந்த அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. புது இடத்தில் கூரை தாழ்வு. மேல் வரிசையை மட்டும் விட்டுவிட்டு மாட்டித் தர முடியுமா என்று கேட்டார்கள். ஓவியரிடம் சொன்னேன். பூவெல்லாம் மேல் வரிசையில்தானே இருக்கிறது அண்ணா என்று சிரித்துவிட்டு, முடியாது என்றார். இப்போது பன்னிரண்டும் பின்பக்கம் எண் போட்டு எங்கள் கிடங்கில் நிற்கின்றன. மாதாமாதம் வாடகை பில் அனுப்புகிறோம். அவர்களும் ஒழுங்காகக் கட்டிவிடுகிறார்கள்.