கலைந்த கூட்டு நிறுவனத்தின் கடைசி வருமான வரிக் கணக்கு

திருப்பூரில் நானும் என் பள்ளித் தோழரும் கூட்டாக நடத்திவந்த பனியன் துணி பிரிண்டிங் நிறுவனத்தை 2024 செப்டம்பர் 30 அன்று முறைப்படி கலைத்தோம். மூன்று பங்குதாரர்கள் இருந்து ஒருவர் மட்டும் விலகியிருந்தால் மற்ற இருவரும் நிறுவனத்தைத் தொடர்ந்திருக்கலாம். இருவரில் ஒருவர் விலகினால் கூட்டு என்பதே இல்லாமல் போய்விடுகிறது. கலைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வெளியான பிறகு, "கம்பெனிதான் கலைச்சாச்சே, இன்னும் என்னப்பா ரிட்டன்?" என்று தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வருமான வரிச் சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, நிறுவனம் கலையவே இல்லை என்று வைத்துக்கொண்டு அதன் வருமானத்துக்கு வரி விதிக்கும்படி அதிகாரிக்குச் சொல்கிறது. அந்த வரிக்கும் அபராதத்துக்கும் கலைப்பின்போது பங்குதாரராக இருந்த ஒவ்வொருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. ஆகவே நாற்பது சதவீதப் பங்குக்காரரிடமிருந்தே முழுப் பாக்கியையும் வசூலிக்க முடியும். அவர் பிறகு மற்றவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறினாலும், எங்கள் கணக்கு பழைய சட்டத்துக்கு உட்பட்ட ஆண்டைச் சேர்ந்தது. தொழிலை நிறுத்திய 15 நாட்களுக்குள் வருமான வரி அதிகாரிக்குக் கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அதை எங்கள் ஆடிட்டர் முதல் வாரத்திலேயே செய்து முடித்தார்.

இந்தக் கடைசிக் கணக்கில் அதிகம் யோசிக்க வைத்தது பிரிண்டிங் இயந்திரம்தான். அதை விற்காமல் தோழரே எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்திருந்தோம். பணம் கைமாறாததால் வரியும் இல்லை என்றே பலர் நினைக்கிறார்கள். 2021இல் சேர்க்கப்பட்ட 9பி பிரிவின்படி, கலைப்பின்போது பங்குதாரர் பெறும் சொத்தையும் சரக்கையும் நிறுவனம் அன்றைய சந்தை மதிப்புக்கு அவருக்கு விற்றதாகவே கொள்ள வேண்டும். தேய்மானம் போக இயந்திரத்தின் மதிப்பு ஏட்டில் 3,20,000 ரூபாய். சந்தை மதிப்பு 5,00,000 ரூபாய். ஒரே விகிதத்தில் தேய்மானம் கணக்கிடும் அந்தச் சொத்துத் தொகுதியில் வேறு இயந்திரம் எதுவும் இல்லாததால் அந்த ஆண்டுக்குத் தேய்மானமும் கிடைக்காது. வித்தியாசமான 1,80,000 ரூபாய் முழுவதும் குறுகிய கால மூலதன ஆதாயமாகிவிடும். நிறுவனத்துக்கான 30 சதவீத வரியும் அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்தால் 56,160 ரூபாய். இயந்திரத்தை வைத்திருப்பவர் ஒருவர், வரி கட்டுவது நிறுவனம், அதாவது இருவரும். பங்குதாரர்களின் மூலதனக் கணக்குகளைத் தீர்ப்பதற்கு முன்பே இந்தத் தொகையைக் கணக்கிட்டு, யார் ஏற்பது என்று கலைப்புப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. நட்பு முறிவதற்கு இதைவிடச் சின்னத் தொகைகளே காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பரில் கலைந்தாலும் கூட்டு நிறுவனத்துக்கான வருமான வரிக் கணக்குப் படிவமான ஐடிஆர்-5ஐ நிதியாண்டு முடிந்த பிறகுதான் தாக்கல் செய்ய முடியும். அதிலும் அவசரப்பட்டுப் பயனில்லை. ஜாப் வொர்க் பில்களில் எக்ஸ்போர்ட் கம்பெனிகள் பணம் கொடுக்கும்போதே பிடித்த 2 சதவீத வரி (டிடிஎஸ்), அவர்கள் தங்கள் காலாண்டு அறிக்கையைக் கொடுத்த பிறகுதான், நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். கடைசிக் காலாண்டுக்கான கெடு மே 31. பழைய பில்லுக்குப் பணத்தைத் தாமதமாகக் கொடுத்த ஒரு கம்பெனியின் பிடித்தமும் அதில் வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட்டே கணக்கை முடித்தோம்.

வங்கிக் கணக்கை மட்டும் மூடாதீர்கள் என்று கலைப்பு நாளன்றே ஆடிட்டர் எச்சரித்திருந்தார். கூடுதலாகப் பிடித்த வரி திரும்ப வரும் ரீஃபண்ட், நிறுவனத்தின் பான் எண்ணோடு சரிபார்க்கப்பட்ட கணக்குக்குத்தான் வரும். பங்குதாரரின் சொந்தக் கணக்குக்கு வராது. அதனால் மார்ச் 31ஆம் தேதியிட்ட எங்கள் இருப்புநிலைக் குறிப்பு வெறும் பூஜ்யங்களாக இருக்கவில்லை. ஒரு பக்கம் வங்கி இருப்பும் டிடிஎஸ் வரவேண்டிய தொகையும், மறுபக்கம் எங்கள் இருவரின் மூலதனமும் நின்றன. இணையதளத்தில் பதிவான மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் நின்றுபோன அலுவலக இணைப்பைச் சேர்ந்தவை என்றால், துறையின் நோட்டீஸ் யார் கண்ணிலும் படாமலே கிடக்கும். அவற்றையும் ஒரு பங்குதாரரின் பெயருக்கு மாற்றியாக வேண்டும்.

ஜிஎஸ்டி இதிலிருந்து முற்றிலும் தனி. பதிவு ரத்தான மூன்று மாதங்களுக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிக் கணக்கைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கையிருப்பில் இருக்கும் மைக்கும் இயந்திரத்துக்கும் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்காக எடுத்த வரி வரவைச் சட்டப்படி திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

பழைய நஷ்டம் இருந்தால் அது நிறுவனத்தோடு முடிந்துவிடும். பங்குதாரர் தன் சொந்தக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. லாபப் பங்குக்கு அவரிடம் மறுபடி வரி இல்லை என்றாலும், நிறுவனம் கொடுத்த சம்பளத்தையும் வட்டியையும் தன் ஐடிஆர்-3 படிவத்தில் அவர் காட்டியாக வேண்டும்.

ரீஃபண்ட் வந்து, கணக்கைப் பரிசீலித்துத் துறை அனுப்பும் 143(1) பிரிவின்படியான அறிவிப்பும் கைக்கு வந்த பிறகு பான் எண்ணை ஒப்படைக்க விண்ணப்பித்தோம். ஏடுகளும் பில் கட்டுகளும் இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. மதிப்பீட்டு ஆண்டு, அதாவது அந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து ஆறு ஆண்டுகள் அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பு என்னுடையது என்பதும், கேட்டால் தோழர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பதும் கலைப்புப் பத்திரத்தின் கடைசி ஷரத்தாக உள்ளன.