அடிப்பதற்கு முன் என்ன நடந்தது?

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்டுவிடுவார்கள்: "சார், இவங்க தன்னைத்தானே அடிச்சுக்கிட்டா எப்படி நிறுத்துறது?" நியாயமான கேள்விதான். வளர்ந்த ஒரு மனிதர் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டால் வேறு எதுவும் மனதில் ஓடாது. ஓடிப்போய்க் கையைக் கொடுத்துத் தடுப்போம், தலையணையை நடுவில் வைப்போம். அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் தங்கியிருக்கும் இல்லத்தில் சிறப்பாசிரியராகப் பல வருடங்கள் இருந்தபிறகு, நான் அவர்களைக் கேட்கப் பழக்குவது வேறு கேள்வி. அடிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்தது?

ஒருவர் புறங்கையைக் கடிப்பார். கடித்துக் கடித்து அந்த இடம் காய்த்துப்போயிருக்கும். ஒருவர் கன்னத்தில் அறைந்துகொள்வார். ஒருவர் விரலால் கண்ணை அழுத்துவார். ஆறிவரும் புண்ணின் பொருக்கை விடாமல் பிய்ப்பவர்களும் உண்டு. முகத்திலும் தலையிலும் வருடக்கணக்கில் அடி விழுந்தால் விழித்திரை பிரிந்து பார்வையே போகலாம். "அது அவன் பழக்கம், விட்டுடுங்க" என்று யாராவது சொன்னால் அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

பேச்சு வராத ஒருவர் புதிதாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தாலோ, வழக்கத்தைவிட அதிகமாக அடித்துக்கொண்டாலோ முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், சிறுநீர் எரிச்சல், பெண்களென்றால் மாதவிடாய் வலி. நமக்குத் தலை வலித்தால் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறோம். அதே கை கொஞ்சம் வேகமாக விழுகிறது என்று நினைத்துப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

முப்பது வயதை ஒட்டிய ஒரு பெண் எங்களோடு இருக்கிறார். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவார், பேச்சு கிடையாது. ஒரு கட்டத்தில் வலது தாடையில் அறைந்துகொள்ள ஆரம்பித்தார், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். "சாப்பிட அடம்" என்று குறிப்பேட்டில் ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் அதே குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் வேறு ஒன்று தெரிந்தது. இட்லி, தயிர்சாதம் என்றால் அமைதியாகச் சாப்பிடுகிறார். சப்பாத்தியோ சுண்டலோ வந்தால் அடி. கவனித்துச் சொன்னது சமையல் அக்கா. வாயைத் திறக்கவைத்துப் பார்க்கவே பெரும்பாடு பட்டோம். உள்ளே கடைவாய்ப் பல் சொத்தை, ஈறு வீங்கியிருந்தது. சாதாரணப் பல் மருத்துவமனையில் இப்படிப்பட்டவர்களை நாற்காலியில் உட்காரவைக்கவே தயங்குகிறார்கள். மயக்க மருந்து கொடுத்துப் பல் எடுக்க வசதியுள்ள இடம் கிடைக்கும்வரை வலி மாத்திரைதான். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

பல்லை எடுத்ததும் அறைவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் முழுதாகப் போகவில்லை. காரணம் எங்களிடம் இருந்தது. அந்த வாரங்களில் அவர் அறைந்துகொண்ட ஒவ்வொரு தடவையும் யாராவது ஓடிவந்து தட்டை எடுத்துப்போனோம். வேண்டாத தட்டைத் தள்ள இது ஒரு வழி என்று அவர் கற்றுக்கொண்டார். வலியில் தொடங்குவது வலி போன பிறகும் தங்கிவிடுவது இப்படித்தான்.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் பிரையன் இவாட்டா. 1982இல், பால்டிமோரில், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெவ்வேறு சூழ்நிலைகளில் 15 நிமிஷம் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் அடித்துக்கொண்டால் மட்டும் பக்கத்தில் வந்து பேசுவார்கள். ஒன்றில் பாடம் கொடுத்து, அடித்துக்கொண்டால் பாடத்தை நிறுத்துவார்கள். ஒன்றில் தனியாக விடுவார்கள். ஒன்றில் விளையாட்டுப் பொருட்களும் கவனிப்பும் தாராளமாக இருக்கும். எதில் அடி அதிகமாகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபட்டது. 1994இல் 152 பேரின் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சுமார் 38 சதவீதம் பேர் கொடுத்த வேலையிலிருந்தோ தொந்தரவிலிருந்தோ தப்பிக்க அடித்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது. ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு, கவனிப்போ பிடித்த பொருளோ அதனால் கிடைத்தது. இன்னொரு கால்வாசிக்கு அந்த உணர்வே போதுமானதாக இருந்தது, சுற்றியிருப்பவர்கள் செய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே மாதிரி விழும் அடி, மூன்று காரணம். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரே அதட்டல் என்பது வேலைக்கு ஆகாது.

எங்களுக்கு அப்படிப்பட்ட சோதனை அறையெல்லாம் கிடையாது. ஒரு நீளமான நோட்டு, மூன்று கட்டம். முன்பு என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதன்பிறகு நாம் என்ன செய்தோம். "கோபப்பட்டார்", "வீம்பு" போன்ற வார்த்தைகளுக்கு அதில் இடமில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். மூன்றாவது கட்டம்தான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். நம்மைப் பற்றி நாமே எழுத வேண்டிய இடம் அது, கை வராது. ஆனால் விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

காகிதக் கவர் ஒட்டும் பகுதியில் ஒருவர் மேஜையில் நெற்றியை மோதிக்கொள்வார். மூன்றாவது கட்டத்தை ஒழுங்காக நிரப்ப ஆரம்பித்ததும் திரும்பத் திரும்ப ஒரே வரி: "அறைக்கு அழைத்துப்போய்ப் படுக்கவைத்தோம்." முதல் கட்டத்திலும் ஒரே வரி: "பசை தொட்டார்." விரலில் பசை ஒட்டுவது அவருக்குத் தாங்கவில்லை, அதிலிருந்து தப்பிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி நெற்றி. விரித்த உள்ளங்கை வரைந்த ஓர் அட்டையை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோம். அதைத் தொட்டால் போதும், உடனே வேலை நிற்கும். ஆரம்பத்தில் கையைப் பிடித்துத் தொடவைத்தோம். பிறகு அவரே தொட்டார். தொட்டுக்கொண்டே இருந்தார். "சார், கேட்டதும் விட்டா இனிமே வேலையே செய்யமாட்டார்" என்று சக ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்த முதல் நாட்களில் அட்டை ஒருதடவைகூடப் பொய்க்கக் கூடாது. அட்டை பொய்த்தால் அவர் நெற்றிக்குத் திரும்புவார், ஏனென்றால் நெற்றி ஒருபோதும் பொய்த்ததில்லை. அவருக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் "இன்னும் ஒரு கவர், அப்புறம் போகலாம்" என்று மெதுவாக நீட்டினோம். அப்புறம் பசை வேலையையே மாற்றி, ஒட்டிய கவர்களை அடுக்கிக் கட்டும் வேலை கொடுத்தோம். ஒரு மனிதருக்குப் பிடிக்காத வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு, அவர் மறுக்கும் விதத்தை மட்டும் திருத்துவது நியாயமில்லை.

எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இருவர் 1985இல் இதைக் குழந்தைகளிடம் செய்து காட்டினார்கள். வேலை கடினமாக இருந்தால் உதவி கேட்கவும், கவனிப்பு வேண்டுமென்றால் அதைக் கேட்கவும் ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தார்கள். தொல்லை தரும் நடத்தைகள் குறைந்தன. அடியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு பேச்சைக் கொடுக்க வேண்டும்.

கவனிப்புக்காக அடித்துக்கொள்பவர்கள் விஷயத்தில்தான் மனசு மிகவும் தவிக்கும். ஓடிப்போய் அணைத்துக்கொண்டால் அடி வளரும்; போகாமல் இருந்தால் கண் போகும். "கண்டுக்காம விடுங்க" என்று பயிற்சிகளில் எளிதாகச் சொல்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்பவரைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. நாங்கள் செய்வது இதுதான்: தடுப்போம், ஆனால் பேச்சு, பதற்றம், கொஞ்சல் எதுவும் இருக்காது. அடிக்காமல் இருக்கும் நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம். அமைதியாக இருப்பவரைப் பார்த்தால் "நல்லவேளை, சும்மா இருக்கார்" என்று கடந்துபோவது எல்லா இல்லங்களிலும் நடக்கிறது. அந்த நிமிஷங்களில்தான் அவர்களுக்கு ஆள் வேண்டும்.

காரணம் சில சமயம் எங்கள் சுவருக்கு வெளியே இருக்கும். ஆடி மாதத்தில் பக்கத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலையிலேயே ஆரம்பித்துவிடும். எங்களில் சிலருக்கு அந்த மாதம் முழுக்கக் காதில் அடி. கோயில்காரர்களிடம் நேரில் போய்ப் பேசினோம். ஒரு குழாயை வேறு பக்கம் திருப்பிக் கட்டினார்கள், கூழ் ஊற்றும் நாளில் எங்களையும் கூப்பிட்டார்கள். தீபாவளிக்கு அப்படி யாரிடமும் போய்ப் பேச முடியாது. சன்னல்களை அடைத்து, காது மூடிகளை மாட்டி, உள்ளறையில் மின்விசிறிச் சத்தத்தோடு இரவைக் கடத்துவோம்.

நடத்தை ஒரு மொழி என்ற விளக்கம் எல்லா இடத்திலும் பொருந்தாது. லெஷ்–நைஹன் நோய்க்குறி என்று ஒன்று உண்டு, 1964இல் விவரிக்கப்பட்டது. ஒரு நொதி இல்லாததால் யூரிக் அமிலம் கூடும்; அதோடு உதட்டையும் விரலையும் கடித்துக் குதறும் உந்துதலும் வரும். அந்தப் பிள்ளைகளுக்கு வலி தெரியும். கடித்துவிடுவோமோ என்று பயந்து, கையைக் கட்டச்சொல்லி அவர்களே கெஞ்சுவதுண்டு. கட்டினால்தான் முகம் தெளியும். பிராடர்–வில்லி நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறு உள்ளவர்களில் பலர் தோலைக் கிள்ளிப் பிய்ப்பார்கள். இவர்களிடம் போய் "எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாய்?" என்று தேடிக்கொண்டிருந்தால் காலம்தான் வீணாகும்.

கட்டுவது என்றதும் தமிழ்நாட்டில் இந்த வேலையில் இருக்கிற எவருக்கும் ஏர்வாடி நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கொடுமையான, மனிதத்தன்மையற்ற நடத்துமுறையிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. இல்லங்களைப் பொறுத்தவரை இதில் எனக்குச் சமரசமே கிடையாது. ஆனால் ஒரு தாய், சோறு வடிக்கும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு மகன் கையைத் துண்டால் கட்டிவிட்டேன் என்று அழுதபடி சொன்னபோது அவரைக் குற்றம்சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை. அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அந்தப் பணத்தில் பத்து நிமிஷத்துக்கு ஓர் ஆளை வைக்க முடியுமா? அவரோடு உட்கார்ந்து சமையல் நேரத்தை மாற்றுவதைப் பற்றியும், மகன் கையில் கொடுத்துவைக்க என்ன பிடிக்கும் என்பதைப் பற்றியும்தான் பேசினோம்.

மாத்திரைகளும் உண்டு. ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்து சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. பசியும் எடையும் ஏறும், தூக்கக்கலக்கம் வரும். தூங்கி வழிகிறவர் அடித்துக்கொள்ளவில்லை என்பதை முன்னேற்றம் என்று எழுதக் கூடாது. புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு ஒருவரோடு கிடைப்பது சில நிமிஷம்தான். "பரவாயில்லை சார்" என்று சொல்வதைவிட நோட்டையும் கைப்பேசியில் எடுத்த ஒரு சின்ன வீடியோவையும் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா கூட்டுவதா என்பது அவருக்கு அதில் தெரியும்.

இத்தனையும் நிற்பது ஊழியர்கள் மேல். பகலில் ஐந்து பேர் அட்டைக்குப் பதில் சொல்லி, இரவில் ஒருவர் சொல்லாவிட்டால் பகல் வேலை கரைந்துவிடும். ஆனால் அந்த ஒருவர் இரவு முழுக்கத் தனியாக இருப்பவர், குறைந்த சம்பளக்காரர், தடுக்கப்போய்த் தானும் கடிபட்டவர். ரத்தத்தைத் துடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போக வேண்டியவர். அவரைத் திட்டுவதால் எந்தத் திட்டமும் நடக்காது. ஒரு பெரிய சம்பவத்துக்குப் பிறகு அவர் அரைமணி நேரம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வர மாற்று ஆள் வேண்டும். பணி மாறும்போது நின்று பேசப் பத்து நிமிஷம் வேண்டும். பெரிய ஊர்களிலிருந்து வரும் நிபுணர்களைவிட இதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

எங்களிடம் இருக்கும் ஒருவர் மென்பஞ்சுத் தலைக்கவசம் போட்டிருக்கிறார். காரணம் தேடித்தேடிப் பார்த்துவிட்டோம். உடம்பிலும் இல்லை, சூழ்நிலையிலும் இல்லை. தலைக்கவசம் இல்லாவிட்டால் சில நாட்களில் நெற்றி பிளந்துவிடும். சித்திரை வெயிலில் உள்ளே வியர்த்து வேர்க்குரு வந்து, அந்த அரிப்புக்கே அடித்துக்கொள்கிறார். அதனால் கழற்றும் நேரங்களை அட்டவணையாகப் போட்டிருக்கிறோம். கையில் ஈரமான துண்டைக் கொடுத்தால் முறுக்கிக்கொண்டிருப்பார். சாப்பாட்டின்போதும் மாலை நடையின்போதும் இப்போது தலைக்கவசம் இல்லை. இரவில் கழற்ற அவர் கட்டில் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். இரவுப் பணிக்கு இன்னொருவர் வேண்டும் என்று நோட்டின் நகலை இணைத்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.