15ஆம் எண்ணுக்குரியவரின் கதையை அச்சுக்குக் கொண்டுவந்த அனுபவம்

பல ஆண்டுகளாகத் திரட்டிய பத்திர நகல்களும், பிறப்பு இறப்புப் பதிவுகளும், கடிதங்களும், குடும்பத்துப் பெரியவர்களிடம் ஒலிப்பதிவு செய்த பேச்சுகளும் என்னிடம் நிறையவே சேர்ந்திருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்த, 1590இல் ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் மிக்கேல் ஐட்சிங்கர் தம் நூலில் கையாண்டதும் வம்சாவளி ஆய்வாளர்கள் இன்றும் பின்பற்றுவதுமான எண்முறையையே பயன்படுத்தினேன். அதன்படி நமக்கு எண் 1. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தையின் எண் கிடைக்கும், அதனோடு ஒன்று கூட்டினால் தாயின் எண் கிடைக்கும். இவ்வாறு அப்பாவின் தாத்தா 8ஆம் எண்ணிலும், அம்மாவின் தாய்வழிப் பாட்டி 15ஆம் எண்ணிலும் வந்தார்கள். 8ஆம் எண்ணின் கோப்பு தடித்திருந்தது. 15ஆம் எண்ணின் கோப்பில் இரண்டே தாள்கள் இருந்தன.

எல்லோரையும் தலைமுறை வரிசையில் எழுதி முடிப்பது இயலாத காரியம். ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பதால், பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போனால் அந்த ஒரு படியில் மட்டும் 1,024 இடங்கள் உள்ளன. அதைவிட முக்கியமாக, யார் யாருக்குப் பிறந்தார் என்ற வரிசை பயனுள்ள ஆவணமாகுமே தவிர, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் விரும்பிப் படிக்கும் கதையாகாது. ஆகவே, விடை தெரியாத கேள்வி ஒன்றை எந்தத் தாள் எழுப்புகிறதோ அந்தத் தாளிலிருந்து ஒரு கதை என்று முடிவு செய்தேன். அந்த அளவுகோலில் பார்த்தபோது, தடித்த கோப்பை விட இரண்டு தாள்களே என்னை அதிகம் இழுத்தன.

முதல் தாள் ஒரு கிரயப் பத்திரம். கணவர் உயிரோடு இருந்த காலத்தில், கொள்ளுப்பாட்டி தம் பெயரில் இருந்த ஒரு துண்டு நிலத்தைத் தாமே விற்றுக் கைநாட்டு வைத்திருக்கிறார். ஏன் விற்றார் என்பதற்குப் பத்திரத்தில் விடை இல்லை. ஆனால் பத்திரத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் சாட்சிகளின் பெயர்களைக் கவனித்தபோது, கணவர் வீட்டார் ஒருவரும் அங்கே இல்லை என்பதும், முதல் சாட்சி அவருடைய உடன்பிறந்த தம்பி என்பதும் தெரிந்தன. இரண்டாம் தாள் இறப்புப் பதிவு. வயது 60 என்கிறது. எழுத்தறிவு குறைந்திருந்த காலத்துப் பதிவுகளில், வயதுகள் 0, 5 ஆகிய இலக்கங்களில் முடிவது இயல்புக்கு மீறி மிகுந்திருப்பதை மக்கள்தொகை ஆய்வாளர்கள் உலகெங்கும் கண்டிருக்கிறார்கள். தகவல் சொன்னவர் ஒரு பேரன்; பாட்டியின் பிறப்பை அவர் நேரில் அறிந்திருக்க முடியாது. எனவே அந்த எண்ணை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிடாமல், ‘அறுபதையொட்டிய வயதில்’ என்று மட்டுமே எழுதினேன்.

அடுத்து, கொள்ளுப்பாட்டியை நேரில் அறிந்தவர்களில் உயிரோடிருந்த ஒரே ஆளான பெரியம்மாவிடம் போனேன். ‘உங்கள் பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், நல்லவர், உழைப்பாளி என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடும் என்பது முந்தைய பதிவுகளில் கண்டது. அதனால் அவர் எங்கே உட்காருவார், எதற்குக் கோபப்படுவார், காசை எங்கே வைப்பார் என்று இடத்தையும் பொருளையும் பிடித்துக்கொண்டு கேட்டேன். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்குக் கதவு நிலையின் உட்புறம் கரியால் கோடு இழுத்து வைப்பாராம்; பணம் கொடுத்தபின் கோட்டை அழித்தது யார் என்பதில்தான் வீட்டில் சண்டையே வருமாம். கைநாட்டு வைத்த ஒருவரின் கணக்கறிவை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் எனக்குச் சொல்லியிருக்காது.

வெளியூரில் வேலைக்குப் போன அவருடைய மகன், தம் தங்கையான என் பாட்டிக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றில், ‘அம்மா கொடுத்தனுப்பிய பணத்தில்தான் இங்கே கால் ஊன்றினேன்’ என்று ஒரு வரி இருந்தது. அவர் புறப்பட்டது நிலம் விற்ற அடுத்த மாதம். இரண்டையும் இணைத்து, மகனுக்காகவே நிலத்தை விற்றார் என்று எழுதிவிட ஆசை மிகுந்தது. ஆனாலும் அதற்கு நேர்ச்சான்று இல்லை. பத்திரம் சொல்வதைப் பத்திரம் சொல்வதாகவும், பெரியம்மா சொன்னதை அவர் வாய்மொழியாகவும், என் ஊகத்தை ஊகமாகவும் வாசகர் பிரித்தறியும்படி வாக்கியங்களை அமைத்தேன். கதையின் விறுவிறுப்பு இதனால் குறையவில்லை. தேடுபவரோடு சேர்ந்து வாசகரும் தேடத் தொடங்குகிறார் என்பதே என் உறுதியான கருத்து.

கடிதத்தாள் எங்கள் வீட்டில் இருந்தாலும், அதிலுள்ள எழுத்தை வெளியிடும் உரிமை எழுதியவருக்கும் அவருக்குப்பின் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகு குறைந்தது 50 ஆண்டுகள் இந்த உரிமை நீடிக்க வேண்டும் என்கிறது, பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை. பல நாடுகளில் அதைவிட நீண்ட காலம் உண்டு. அவர் மறைந்து அவ்வளவு காலம் ஆகாததால், அவருடைய பேரப்பிள்ளைகளிடம் கைப்பிரதியைப் படிக்கக் கொடுத்து எழுத்து மூலம் சம்மதம் பெற்றேன். உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிய சில வரிகளை நீக்கக் கேட்டார்கள். கதைக்கு அவை அலங்காரமே தவிர ஆதாரமல்ல என்பதால் மனமார நீக்கினேன்.

முதலில் அணுகிய இதழ், கணவன் மனைவிக்கிடையே ஒரு வாக்குவாதத்தைக் கற்பனையாகச் சேர்த்தால் வெளியிடலாம் என்றது. இறந்துபோனவர் வாயில் நான் சொற்களை வைக்க முடியாது என்று எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இரண்டாவதாக அணுகிய இதழின் ஆசிரியர் கேட்டது நியாயமானது: வம்சத்தை விளக்கும் தொடக்கப் பகுதியை அகற்றி, கைநாட்டிலிருந்தே தொடங்கச் சொன்னார். அப்படியே வெளிவந்தது. அதே வழியில் எழுதிய மற்றக் கதைகளும் சேர்ந்தபின் நூலாக்கினேன்.

நூலாக்கத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. அச்சகத்தில் ஒரு தாளை மடித்தால் 16 பக்கம் வருவதால் மொத்தப் பக்கத்தை அதன் மடங்காக அமைத்தோம். 2007 முதல் 13 இலக்கமாக உள்ள ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டு நூல் அடையாள எண்ணை அச்சுநூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனியே பெற்றோம். குடும்ப வரைபடம் நூலின் இறுதியில் இருக்கிறது. அதில் மறைந்தவர்களின் பெயர்கள் மட்டுமே உள்ளன.

நூலின் படிகளோடு பத்திர நகல்களையும் ஒலிப்பதிவுகளையும் ஒரு நூலகத்தில் ஒப்படைத்தேன். பெரியம்மா தம் காலத்துக்குப் பிறகே பிறர் கேட்கலாம் என்று சொன்ன பகுதியைத் தனியே பிரித்து, அந்த நிபந்தனையை எழுதிக் கையொப்பமிட்டுச் சேர்த்திருக்கிறேன்.