லெந்து நாட்களில் அத்தானோடு

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்கிற தவக்காலம் இன்று ஆரம்பம். ஆராதனைக்குப் போக முடியவில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என் வீட்டுக்காரரை, அத்தானைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இன்று உதவிக்கு ஆள் வரவில்லை. ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. தண்ணீர் டம்ளரைப் பார்க்கிறார், வாயைத் திறக்கிறார், "அது... அது..." என்பதற்கு மேல் வருவதில்லை. ரிட்டயர் ஆகும்வரை கணக்கு வாத்தியார். வகுப்பில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

நாங்கள் பரம்பரை சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள்தான். ஆனால் எனக்குக் கோயில் என்றால் கிறிஸ்மஸ், அப்புறம் அசனம் என்கிற கோயில் விருந்து, அவ்வளவுதான். இப்போது ஜெபிக்கலாம் என்று உட்கார்ந்தால் "ஆண்டவரே" என்பதற்கு அடுத்து ஒன்றும் வரவில்லை. நாத்தனார் ஃபோனில் அரைமணி நேரம் கண்ணீரோடு ஜெபிப்பாள், "மைனி, நீங்களும் வாய் திறந்து கேளுங்க" என்பாள். ஆமென் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

மார்ச் 11, செவ்வாய்

பார்க்க வந்த ஒருவர், வீட்டில் விசுவாசம் இருந்தால் இந்நேரம் எழுந்து நடந்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பி கொடுத்துத்தான் அனுப்பினேன். அத்தானுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாதா?

சாயங்காலம் ஐயர், எங்கள் சபைப் போதகர், வந்தார். எனக்கு ஜெபிக்க வரவில்லை என்றேன். வரவில்லை என்றால் விடுங்கம்மா, பைபிளில் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள் என்றார். ராத்திரி வாசித்தேன். முழுக்கப் புலம்பல். மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை, ஒரு ஸ்தோத்திரம் வந்துவிடும். இதில் அதுவும் இல்லை. நண்பர்களும் விலகிப் போனார்கள், இருட்டுதான் மிச்சம் என்று முடிந்துவிடுகிறது. ஏமான் என்பவர் பெயரில் இருக்கிறது. கோராகின் புத்திரர் என்ற ஆலயப் பாடகர்கள் பாடினார்களாம். இப்படி ஒரு பாட்டையும் ஆலயத்தில் பாட வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை சத்தமாக வாசித்தேன்.

மார்ச் 20, வியாழன்

இதை எழுதாமல் தூங்க முடியாது.

ராத்திரி சங்கீதம் வாசித்து முடித்து, பழக்கத்தில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் பக்கத்திலிருந்து இன்னொரு குரல். கரகரவென்று, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஆனால் வார்த்தை வார்த்தையாக. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." நான் நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" வரை போய், ஆமென் சொல்லி, என்னைப் பார்த்தார். கன்னமெல்லாம் கண்ணீர். "அத்தான், தண்ணி வேணுமா?" என்றேன். "அது... அது..."

மார்ச் 22, சனி

நாத்தனார் அற்புதம் என்கிறாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. புதிதாக ஒரு வாக்கியத்தைக் கோர்ப்பதற்கு மூளையின் இடது பக்கம் வேண்டும். அத்தானுக்கு அடிபட்டது அங்கேதான். சின்ன வயதிலிருந்து மனப்பாடமானவை, பாட்டு, எண்ணிக்கை, ஜெபம், ஏன், கெட்ட வார்த்தைகூட, பல பேருக்குத் தப்பித்துவிடுமாம். 18ஆம் நூற்றாண்டிலேயே சுவீடனில் ஒருவருக்குப் பேச்சு போய், ஞானப்பாட்டு மட்டும் பாட வந்ததை எழுதி வைத்திருக்கிறார்களாம். "பாட வையுங்கம்மா, ராகத்தோடு சேர்த்தே பேச்சைக் கொண்டுவரப் பார்க்கலாம். 1970களிலிருந்து இப்படி ஒரு பயிற்சி இருக்கு" என்றாள்.

அதனால் அது அற்புதம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஞாயிறு பள்ளியில் யாரோ ஒரு டீச்சர் அதட்டிச் சொல்லிக்கொடுத்தது, எல்லாம் போன பிறகும் நிற்கிறது. எனக்கு அது போதும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மகன் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டதால் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலில், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை நடக்கும் மும்மணி ஆராதனைக்குப் போனேன். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826இல் கட்டிய கோயில். அடுத்த வருஷம் இருநூறு ஆகிறது. பன்னிரண்டு மணி வெயிலில் உள்ளே ஃபேனுக்குக் கீழே இடம் பிடிப்பதே பெரிய பாடு.

இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாவது, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. ஏழாவது, ஆவியை ஒப்புக்கொடுப்பது, 31ஆம் சங்கீதம். வருஷா வருஷம் கேட்டதுதான். இன்றைக்குத்தான் உறைத்தது. அவ்வளவு வலியில் அவருக்கும் சின்ன வயதில் படித்ததுதான் வாயில் வந்திருக்கிறது. இறையியல் படித்தவர்கள் இதை எப்படிச் சொல்வார்களோ, எனக்கு இப்படித்தான் தோன்றியது. ஜெபிக்கத் தெரியவில்லை என்ற கூச்சம் பாதி குறைந்த மாதிரி இருக்கிறது. அச்சடித்த ஜெபத்தைக் கேலி பண்ணுகிறவர்கள் பண்ணட்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

"தண்ணி தாங்க" என்பதை ஒரு கீர்த்தனை மெட்டில் போட்டு, இடது கையால் கட்டிலைத் தட்டித் தட்டிப் பழக்குகிறோம். "தண்ணி" வந்துவிட்டது. "தாங்க" வரவில்லை. வாத்தியார்தானே, மரியாதைச் சொல் பின்னால் வரட்டும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாட்சி என்றால் சுகமானதைத்தான் சொல்வார்கள். இவர் இன்னும் எழுந்து உட்காரவில்லை. பயிற்சிக்கான ஃபீஸுக்கு வளையல் அடகில் இருக்கிறது. இதையும் சேர்த்துச் சொல்லலாமா என்று ஐயரிடம் கேட்டேன். "அதைத்தான் முதலில் சொல்லணும்" என்றார். சரி, சொல்கிறேன் என்றேன். 88ஆம் சங்கீதத்தையும் வாசிப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.