நெல்லையில் கல்யாணச் சமையலுக்கு ஆள் பார்த்த அனுபவம்

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானதும் பந்திப் பொறுப்பு தாய்மாமன் என்ற முறையில் எனக்கு வந்தது. முதல் நாள் ராத்திரி டிபன், முகூர்த்தத்தன்று காலை டிபன், மத்தியானச் சாப்பாடு, இவை மூன்றும் மண்டபத்தில். மறுநாள் வீட்டில் மறுவீட்டுச் சொதி விருந்து. மத்தியானத்துக்கு 600 இலை, மறுவீட்டுக்கு 150 இலை என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டோம். எனக்கு வேலை சென்னையில். இப்போது ஊரில் யார் கைச் சமையல் நன்றாக இருக்கிறது என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முதலில் சொந்தக்காரர்களைக் கேட்டேன். ஆளுக்கு ஒரு பேர் சொன்னார்கள். ஆனால் கல்யாணம் நடத்துகிறவர் தன் வீட்டுப் பந்தியில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கவே மாட்டார். வந்தவர்களை வரவேற்பதிலும் பந்தி விசாரிப்பதிலும் நேரம் போய்விடும். அதனால், சமையல்காரர்களுக்குச் சரக்குப் போடுகிறவர்களிடம் போய்க் கேட்கலாம் என்று தோன்றியது. இந்த அனுபவத்தில் எனக்கு மிகவும் கை கொடுத்தது அந்த யோசனைதான்.

நயினார்குளம் காய்கறிச் சந்தைக்கு விடியற்காலையில் போனேன். அந்த நேரத்தில் போனால்தான் கல்யாணத்துக்குக் காய் எடுக்க வந்த சமையல் மாஸ்டர்களையே நேரில் பார்க்கலாம். இலைக்கடை அண்ணாச்சி ஒருவர் நான் கேட்டதும் யோசிக்காமல் ஒரு மாஸ்டர் பேரைச் சொன்னார்: “அவரு ஒவ்வொரு கட்டா பிரிச்சுப் பாத்துதான் எடுப்பாரு. கிழிஞ்ச இலை ஒண்ணு இருந்தாலும் திருப்பிக் குடுத்துருவாரு. எனக்கு அவரால தொந்தரவு, ஒங்களுக்கு நல்லது.” டவுனில் மொத்த மளிகைக் கடையில் கேட்டபோது அங்கேயும் அதே பேர் வந்தது. எந்த மாஸ்டர் எந்தப் பருப்பை எழுதுகிறார், நெய்யில் கை வைக்கிறாரா, மீந்த சரக்கை ஒழுங்காகத் திருப்பி அனுப்புகிறாரா என்பதெல்லாம் கடைக்காரர்களுக்கு அத்துப்படி. உங்கள் ஊர் எதுவானாலும் இந்த இரண்டு இடத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, காண்ட்ராக்டா, கூலிச் சமையலா என்ற கேள்வி. காண்ட்ராக்ட் என்றால் இலைக்கு இவ்வளவு என்று பேசிவிடலாம். சரக்கு, ஆள், கேஸ், பாத்திரம், பரிமாறுவது எல்லாம் அவர்கள் பாடு. கூலிச் சமையல் என்றால் மாஸ்டர் மளிகைச் சிட்டை எழுதித் தருவார், நாம் வாங்கிப் போட வேண்டும். அவருக்கும் அவர் கூட்டி வரும் ஆட்களுக்கும் கூலி. கூலிச் சமையலில் சரக்கின் தரம் நம் கையில் இருக்கும், ஆனால் அலைச்சல் அதிகம். மண்டபத்துக்குக் காண்ட்ராக்ட், மறுவீட்டுக்குக் கூலிச் சமையல் என்று பிரித்துக்கொண்டோம். என்னைப் போல வெளியூரில் இருந்து வந்து நடத்துகிறவர்களுக்கு இது தோதான ஏற்பாடு.

காண்ட்ராக்டுக்கு மூன்று பேரிடம் பேசினோம். ஒருவர் ஆபீஸ் போட்டு, ஆல்பம் ஆல்பமாகக் காட்டினார். “சமைக்கப் போகிற மாஸ்டர் யார், அவரைப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. முகூர்த்த நாளில் ஒரே ஆள் நாலு மண்டபம் எடுத்துக்கொண்டு வெளியாட்களிடம் கைமாற்றிவிடுவது நடக்கிற காரியம்தான். ஆகவே யார் அடுப்படியில் நிற்பார் என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், அதில் 14 இலக்க எண் இருக்கும். பில் போட்டு வாங்கினால் 5 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். சொன்ன ரேட் அதையும் சேர்த்தா, சேர்க்காமலா என்பதை அன்றைக்கே தெளிவாகப் பேசிவிட வேண்டும்.

இலைக்கடை அண்ணாச்சி சொன்ன மாஸ்டரைப் பார்க்கப் போனபோது நான் கேட்டது சொதியைப் பற்றி மட்டும்தான். சொதி தெரியாத வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: திருநெல்வேலி சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து அது. தேங்காயை அரைத்து மூன்று பால் எடுக்க வேண்டும். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்த்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து விடுவார்கள். கட்டியான முதல் பால் கடைசியில்தான். அதை விட்ட பிறகு கொதிக்கவே கூடாது, நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கிய பிறகு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும்.

வீட்டில் பத்துப் பேருக்கு வைப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. 150 பேருக்கு, மூன்று பந்தி வரைக்கும் திரியாமல் எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன். மாஸ்டர் சொன்னார்: “முதல் பாலை ஒரே அண்டாவுல மொத்தமா விட்டா நான் சமையல்காரனே இல்ல தம்பி. காயும் பருப்பும் தயாரா இருக்கும். பந்திக்கு இலை போடும்போதுதான் அந்தப் பந்திக்கு வேண்டியதுல மட்டும் பாலை விடுவேன். நாலு பேருக்கு ஒரு தேங்காய் வாங்கிப் போடுங்க, அதுல மட்டும் கையைச் சுருக்காதீங்க.” அக்காவுக்கு அந்த வார்த்தையே போதும். அப்போதே வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். மண்டபச் சமையலையும் அவரே எடுத்துக்கொண்டார்.

அவரிடம் பேசப் போவதற்கு முன்னாலேயே ஒரு வேலை செய்திருந்தோம். அவர் சமைத்த வேறொரு கல்யாணத்தில், அந்த வீட்டாரின் அனுமதியோடு, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் பந்தி எல்லோரிடமும் நன்றாகத்தான் இருக்கும். கடைசிப் பந்தியில் ரசம் சூடாக வருகிறதா, அவியலில் காய் குழைந்துவிட்டதா, பாயசத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் ஆளைப் பற்றி முழுசாகத் தெரிந்துவிடும். அன்றைக்கு அவியல் காய் காயாகத் தனித்து இருந்தது, தேங்காயெண்ணெய் வாசம் போகவே இல்லை.

ஆவணிக் கல்யாணத்துக்கு ஒரு எச்சரிக்கை. பெரும்பாலும் அதே மாதத்தில்தான் கேரளத்தில் ஓணம். நம் பக்கத்துக் காய், வாழை இலை, தோவாளைப் பூ எல்லாம் அங்கே போகும், விலை ஏறிவிடும். முகூர்த்தமும் ஓணமும் நெருங்கி வந்தால் இலை கிடைப்பதே சிரமம். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் இலைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தோம். நுனி இலைக்குத் தனி விலை, நுனி இல்லாத ஏட்டு இலைக்குத் தனி விலை. பேசும்போது எந்த இலை என்று சொல்லிப் பேசுங்கள்.

பலகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாம்பூலப் பையில் போட அல்வாவை மொத்தமாக ஆர்டர் கொடுத்தோம். இருட்டுக்கடை அல்வாதான் வேண்டும் என்கிறவர்கள், அது சாயங்காலத்தில் மட்டும் திறக்கும் கடை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் விருந்தாளிகளின் அறையில் கோவில்பட்டி கடலை மிட்டாயும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வைத்தோம். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. காலை டிபனோடு கொடுக்க சுக்குக் காப்பிக்கு உடன்குடிக் கருப்பட்டி வாங்கினோம். ஃபில்டர் காப்பியை விட அதுதான் சீக்கிரம் தீர்ந்தது.

கல்யாணத்தன்று இலை எண்ண எங்கள் பக்கம் ஒரு ஆள், மாஸ்டர் பக்கம் ஒரு ஆள். ஒவ்வொரு பந்தி எழுந்ததும் இருவரும் சேர்ந்து ஒரே நோட்டில் எழுதினார்கள். பேசின கணக்குக்கு மேல் போனால் கூடுதல் இலைக்கு என்ன ரேட் என்பதும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. கணக்கு முடிக்கும்போது பேச்சுக்கே இடமில்லை. மறுவீட்டுச் சொதியில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கினார், மாஸ்டரே வெளியே வந்து ஊற்றினார்.

தையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் புரட்டாசியிலேயே மாஸ்டர்களைப் போய்ப் பாருங்கள். அந்த மாதம் பெரும்பாலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அவர்களும் வீட்டில் இருப்பார்கள், நின்று பேச நேரம் இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் அவர்களைப் பிடிப்பது கஷ்டம்.